இரண்டாம் ஆண்டிலிருந்து உள்மாநிலக் கட்டணம்: அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு

டிவிஎம் எனப்படும் கால்நடை மருத்துவப் பட்டப் படிப்புக்கு வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதா? கட்டணப் பட்டியலில் இரண்டு வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்மாநிலத்தவருக்கு ஒன்று, வெளிமாநிலத்தவருக்கு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்குப் பள்ளி மாறும். கலிஃபோர்னியாவின் யூசி டேவிஸில் வெளிமாநிலத்தவர் கட்டும் கூடுதல் தொகை பல ஆண்டுகளாக 12,245 டாலர். கொலம்பஸில் உள்ள ஓஹையோ ஸ்டேட்டில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வரும்.

சில மாநிலங்களில் முதல் ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருந்து, விதிப்படி நடந்து, அதற்கான தாள்களைக் காட்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து உள்மாநிலக் கட்டணம் கட்டினால் போதும். உள்மாநிலம் 36,000, வெளிமாநிலம் 78,000 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டும் வெளிமாநிலக் கட்டணம் என்றால் 3 லட்சத்து 12 ஆயிரம் டாலர். ஓராண்டு மட்டும் அப்படிக் கட்டி மீதி மூன்றாண்டு உள்மாநிலக் கட்டணம் என்றால் 1 லட்சத்து 86 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 26 ஆயிரம் டாலர், அதுவும் கடனுக்கான வட்டியைச் சேர்க்காமல்.

இந்தக் கட்டுரையில் ஓஹையோவை முன்வைத்துப் பேசுகிறேன். பணம் எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்கும் மாநிலம் அது. அதற்குத் தயாரான கோப்பு மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் போதும். மாறுபடும் இடங்களில் மற்ற மாநிலங்களின் விதியையும் சொல்கிறேன்.

1. பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள்

மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஓராண்டுக்குப் பின் ரெசிடென்சியை, அதாவது எந்த மாநிலத்தவர் என்ற தகுதியை, மாற்றிக்கொள்ளலாம். ஓஹையோ ஸ்டேட், மிசூரி, நார்த் கரோலினா ஸ்டேட், யூசி டேவிஸ் இந்த வகை. இரண்டாவது வகையில், சேரும் நாளில் நீங்கள் என்னவாக இருந்தீர்களோ நான்கு ஆண்டும் அதுவே. விதியில் வழி இருப்பதுபோல் எழுதியிருப்பார்கள். ஆனால் ‘படிப்பதற்காக வந்தவர் வெளிமாநிலத்தவரே’ என்ற அனுமானத்தை உடைக்க மாணவரால் முடியாது. மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். கலிஃபோர்னியாவில் வெஸ்டர்ன் யுனிவர்சிட்டி, அரிசோனாவில் மிட்வெஸ்டர்ன் போன்றவை. அங்கே ரெசிடென்சிக்காக அலைவதில் பயன் இல்லை.

ஒப்பந்த இடங்கள் தனிக் கதை. சொந்தக் கால்நடை மருத்துவப் பள்ளி இல்லாத மாநிலங்கள் பக்கத்து மாநிலப் பள்ளியில் இடங்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கும். கென்டக்கி மாணவர்கள் அலபாமாவின் ஆபர்னில் படிப்பது இப்படித்தான். மேற்கு மாநிலங்களில் விச்சே என்ற கூட்டமைப்பின் வழியாக உதவித்தொகை வரும். உங்கள் சொந்த மாநிலம் இப்படி ஏதாவது தருகிறதென்றால், வேறு மாநில ரெசிடென்சிக்கு மாறுவதற்கு முன் நிதானியுங்கள். சொந்த மாநிலத்தை விட்ட அன்றே அந்த உதவி போய்விடும்.

பள்ளிகளை ஒப்பிட விஐஎன் என்ற கால்நடை மருத்துவ அறக்கட்டளையின் செலவு வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டணம், வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்த்து நான்காண்டு மொத்தத்தைக் காட்டும். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

இடம் உறுதியானதும் ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இது கால்நடை மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு அல்ல. பெரும்பாலும் பல்கலைக்கழகப் பதிவாளரின் கீழ் இருக்கும். சீனியர் மாணவர் சொன்னதும் சேர்க்கைப் பிரிவில் ஃபோனில் சொன்னதும் பின்னால் செல்லாது. எழுத்தில் வந்த பதில் மட்டுமே உதவும். நார்த் கரோலினாவில் பல்கலைக்கழகம் தனியாக முடிவு செய்வதில்லை. மாநிலம் முழுவதற்கும் ஆர்டிஎஸ் என்ற ஒரே சேவை இருக்கிறது. அங்கே ஆன்லைனில் விண்ணப்பித்துச் சான்று எண் வாங்க வேண்டும்.

2. விசா வகை

எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இந்த வழி மூடியிருக்கிறது. தாய்நாட்டில் வீடு இருக்கிறது, படித்து முடித்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தானே அந்த விசாவை வாங்குகிறோம்? ‘இந்த மாநிலம்தான் என் நிரந்தர வீடு’ என்று அதே ஆள் சொல்ல முடியாது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பியில் இருப்பவரின் துணைவர், பிள்ளைகள்), எல் (நிறுவன இடமாற்றம்) போன்ற விசாக்களைக் கலிஃபோர்னியாவும் டெக்ஸஸும் ஏற்கின்றன. மற்ற மாநிலங்களில் ஏற்கப்படும் விசாக்களின் பட்டியலை அலுவலகத்திடமே கேட்டு வாங்குங்கள்.

எச்-4 பிள்ளைகளுக்கு இரண்டு சிக்கல். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். பெரும்பாலோர் எஃப்-1க்கு மாறுகிறார்கள், அதோடு ரெசிடென்சித் தகுதியும் போகும். டிவிஎம் சேரும் வயது சுமார் 22 என்பதால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இது நேராக வந்து இடிக்கும். இரண்டாவது, எச்-4, எஃப்-1 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. கிரீன் கார்டு எப்போது கைக்கு வரும் என்பதைப் பொறுத்துத்தான் இந்தத் திட்டம் முழுவதும் நிற்கும்.

3. 12 மாதம் எங்கே தொடங்குகிறது

இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பு நாளுக்கு முந்தைய தொடர்ச்சியான 12 மாதங்கள் நீங்கள் அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் ஆண்டு வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் 20, நீங்கள் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 18 என்று வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு ஆகஸ்ட் 16-இல் தொடங்கினால் இரண்டு நாள் குறைகிறது. அந்த இரண்டு நாளுக்காக ஒரு பருவம் முழுவதும் வெளிமாநிலக் கட்டணம். கலிஃபோர்னியாவில் 366 நாள் என்று கணக்கு. அதுவும் வகுப்பு நாளை வைத்து அல்ல, பல்கலைக்கழகம் அறிவிக்கும் தீர்மான நாளை வைத்து.

எனவே ஜூலை நடுவிலேயே குடி போய்விடுங்கள். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போகும், போகட்டும். கொலம்பஸில் வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) பெரும்பாலும் ஆகஸ்டில்தான் தொடங்கும். ஜூலைக்கு சப்லீஸ் (ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரிடம் உள்வாடகை) எடுத்து, அதற்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வாங்குங்கள். நண்பர் வீட்டு சோஃபாவில் இருந்த ஒரு மாதத்துக்கு எந்தத் தாளும் இருக்காது.

லீஸ் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் சில நாள் இடைவெளி விழுவதும் உண்டு. ஜூலை இறுதியில் வீட்டைக் காலி செய்து ஆகஸ்ட் நடுவில் அடுத்த வீடு. அந்த நாட்களில் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதே மாநிலத்தில் தங்கி, தங்கிய இடத்தின் ரசீதையோ வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தையோ வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் ஆண்டுப் பணம் எங்கிருந்து

ஓஹையோ விதியின் உயிர்நாடி இது: கடந்த 12 மாதத்தில் ஓஹையோவில் குடியில்லாத எந்த ஆளிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பண உதவி பெற்றிருக்கக் கூடாது. ‘மறைமுகமாக’ என்ற சொல் அங்கே சும்மா இல்லை.

ஏற்கப்படும் வழிகள் மூன்று. உங்கள் பெயரில் உள்ள மத்திய அரசுக் கல்விக் கடன். அந்த மாநிலத்தில் நீங்கள் வேலை செய்து வாங்கும் சம்பளம். 12 மாதம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் பெயருக்கு வந்துவிட்ட சேமிப்பு. மூன்றாவதைக் கவனியுங்கள். பெற்றோர் உதவ விரும்பினால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மே அல்லது ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். உங்கள் பெயர் மட்டும் உள்ள கணக்காக இருக்க வேண்டும். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். பணம் வந்த தேதி தெரியும் ஸ்டேட்மென்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் கொடுப்பவர் பரிசு வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2025-ஆம் ஆண்டின் வரம்பு. அதற்காக வரி கட்ட வேண்டியிருக்காது, படிவம் மட்டும்தான். அம்மா, அப்பா இருவரும் தனித்தனியாகக் கொடுக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். முன்பெல்லாம் முதல் ஆண்டின் முழுச் செலவையும் அரசுக் கடனிலேயே வாங்கிவிடலாம். இனி முடியாது. வெளிமாநிலக் கட்டணம் 78,000, வாழ்க்கைச் செலவு 25,000 என்றால் 53,000 டாலர் துண்டு விழுகிறது.

அந்தத் துண்டைத் தனியார் கடனால் நிரப்பப் போனால் கோ-சைனர், அதாவது கடனுக்குப் பொறுப்பேற்றுக் கூடவே கையெழுத்திடுபவர், கேட்பார்கள். நியூ ஜெர்ஸியில் இருக்கும் அப்பா கையெழுத்துப் போட்டால் அது வெளிமாநில ஆதரவாகக் கருதப்படலாம். கடன் உங்கள் பெயரில்தானே என்ற வாதம் எடுபடாமல் போகும். கோ-சைனர் இல்லாமல் தரும் கடன், ஓஹையோவிலேயே குடியிருக்கும் உறவினரின் கையெழுத்து, அல்லது மேலே சொன்னபடி முன்கூட்டியே மாற்றிய சேமிப்பு, இவற்றில் ஒன்றுதான் வழி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் சேர்க்கையை உறுதி செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

மிசூரியில் பார்வை வேறு. அங்கே அந்த 12 மாதத்தில் மாநிலத்துக்குள் குறைந்தது 2,000 டாலர் வரிக்குட்பட்ட வருமானம் ஈட்டி, மாநில வரித் தாக்கலில் காட்ட வேண்டும். வார இறுதியில் விலங்கு மருத்துவமனையில் உதவியாளர் வேலை பார்த்தாலே எட்டிவிடலாம். கையில் ரொக்கமாக வாங்கும் நாய்க்குட்டி பராமரிப்புக் காசு இதில் சேர வேண்டுமானால் அதையும் வரியில் காட்டியாக வேண்டும்.

டெக்ஸஸில் 12 மாதக் குடியிருப்போடு, கணிசமான வேலை, சொந்த வீடு, தொழில், அந்த மாநிலத்தவரோடு திருமணம் போன்ற ஒன்று சேர வேண்டும். டிவிஎம் முதலாண்டு மாணவரால் வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்திருக்கிறது. போட்டி அடிப்படையில் கிடைக்கும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் பெற்றால், அந்த ஆண்டுக்கு வெளிமாநிலக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடம் இருக்கிறது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் போகிறவர்கள் ரெசிடென்சியை விட இந்த உதவித்தொகையைத் துரத்துவது மேல்.

5. கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

பெரிய தொகையை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கோப்பைக் கவிழ்ப்பது சின்னச் சின்னப் பணம்தான். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பணம் கொடுப்பதைக் கொடுப்பதாகவே யாரும் நினைப்பதில்லை, அதுதான் சிக்கல்.

அம்மாவின் கிரெடிட் கார்டில் உங்கள் பெயரிலும் ஒரு அட்டை இருக்கும். அதில் மளிகை வாங்கினால் பில் கட்டுவது அம்மா. அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பெயரையும் நீக்கச் சொல்லுங்கள்.

குடும்ப ஃபோன் திட்டம், ஸ்ட்ரீமிங் சந்தா, கார் இன்ஷூரன்ஸ். ஃபோனைத் தனித் திட்டத்துக்கு மாற்றுவது எளிது, மாதம் 25 டாலரில் முடியும். மாற்ற முடியாதவற்றுக்கு உங்கள் பங்கை மாதந்தோறும் பெற்றோருக்கு வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் எதற்கென்று எழுதுங்கள். 26 வயது வரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்க மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. ரெசிடென்சி அலுவலகம் அதை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் தனியாகக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

பிறந்தநாளுக்கு மாமா ஜெல் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பும் 200 டாலர், தீபாவளிக்குத் தாத்தா இந்தியாவிலிருந்து அனுப்பும் பணம், ஊருக்கு வர அப்பா எடுத்துத் தரும் விமான டிக்கெட், எல்லாமே ஓஹையோவில் குடியில்லாதவர் கொடுத்த பணம். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இந்த ஓராண்டு எதுவும் அனுப்ப வேண்டாம், அடுத்த ஆண்டு சேர்த்துக் கொடுக்கட்டும். சொல்லியும் அனுப்பிவிட்டால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு பரிமாற்றமும் தெரியும் பக்கத்தை எடுத்து வையுங்கள்.

ரூம்மேட் வாடகைப் பங்காக வென்மோ என்ற பணச் செயலியில் அனுப்பும் பணமும் ஸ்டேட்மென்டில் வரவாகத்தான் தெரியும். ‘செப்டம்பர் வாடகைப் பங்கு’ என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பீட்ஸா படம் மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் பத்து மாதம் கழித்து அது என்ன பணம் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

வீட்டு உரிமையாளர் மாத வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் கேட்டு, இல்லையென்றால் பெற்றோரை ஜாமீனாகப் போடச் சொல்வார். கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டிப் பாருங்கள், கூடுதல் முன்பணம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவர் குடியிருப்பில் இந்தத் தொல்லை இல்லை.

6. போய்ச் சேர்ந்த முதல் மாதம்

வரிசை முக்கியம், ஒன்றின் தாள் அடுத்ததற்கு வேண்டும்.

லீஸ் கையில் வந்ததும் அங்குள்ள கிளையில் வங்கிக் கணக்கு திறந்து, முகவரியைப் புதிய வீட்டுக்கு மாற்றுங்கள். லீஸும் வங்கி ஸ்டேட்மென்டும் சேர்ந்தால் இரண்டு முகவரிச் சான்று ஆயிற்று. ஓஹையோவில் ரியல் ஐடி என்ற மத்திய அரசு அடையாளத் தரத்திலான ஓட்டுநர் லைசென்ஸுக்கு அந்த இரண்டும், பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டும், சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான தாளும் வேண்டும். குடியேறிய 30 நாளுக்குள் லைசென்ஸை மாற்ற வேண்டும் என்பது அந்த மாநில விதி. கலிஃபோர்னியாவில் லைசென்ஸுக்கு 10 நாள், வண்டிப் பதிவுக்கு 20 நாள்.

வண்டி இருந்தால் ஓஹையோவில் மூன்று படி. முதலில் வண்டியின் அடையாள எண்ணைச் சரிபார்க்கும் பரிசோதனை. பிறகு மாவட்ட நீதிமன்ற எழுத்தரின் டைட்டில் அலுவலகத்தில் ஓஹையோ டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்). அதன் பிறகே நம்பர் பிளேட். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் டைட்டில் கடன் கொடுத்த வங்கியிடம் இருக்கும். அவர்கள் அதை அனுப்பி வைக்கப் பல வாரம் ஆகும் என்பதால் ஜூன் மாதமே எழுதிக் கேளுங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்தால் இரட்டைத் தொல்லை: உங்கள் பெயரில் பதிய முடியாது, இலவசமாக ஓட்டுவதே ஆதரவாகவும் தெரியும். 12 மாதம் தொடங்குமுன் பெயர் மாற்றுங்கள், அல்லது வண்டி இல்லாமல் போங்கள். பழைய மாநில நம்பர் பிளேட்டோடு ஓராண்டு ஓட்டிவிட்டு ‘இதுதான் என் ஊர்’ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

லைசென்ஸ், டைட்டில், பிளேட் எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலருக்குள் அடங்கும். இன்ஷூரன்ஸ்தான் எதிர்பாராத செலவு. பெற்றோரின் திட்டத்திலிருந்து பிரிந்து தனியாக எடுக்கும்போது கட்டணம் எகிறும். பட்ஜெட்டில் இதற்கு இடம் வையுங்கள்.

வாக்காளர் பதிவு நல்ல சான்று, ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். லைசென்ஸ் கவுன்டரில் வழக்கமாகவே ‘வாக்காளராகப் பதிகிறீர்களா’ என்று கேட்பார்கள். கிரீன் கார்டோ விசாவோ வைத்திருப்பவர்கள் தெளிவாக ‘இல்லை’ என்று சொல்லுங்கள், கையெழுத்திடும் திரையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிமகன் என்று தவறாகப் பதிந்துவிட்டால் நாடு கடத்தல் வரை போகக்கூடிய விஷயம் அது. குடிமக்கள் அல்லாதவர்கள் முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதன் ரசீது உங்களுக்கு இன்னொரு தேதிச் சான்று.

7. வருமான வரி

24 வயதுக்குக் கீழ் முழுநேரம் படிக்கும் பிள்ளையைப் பெற்றோர் தம்மைச் சார்ந்தவராகக் காட்டிச் சலுகை பெற முடியும். பெரும்பாலான அப்பாக்கள் வழக்கமாக அப்படியே செய்துவிடுவார்கள். உங்களுக்கு அது விஷம். வரி ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, உங்கள் 12 மாதமோ ஜூலையிலிருந்து ஜூலை வரை. நீங்கள் 2026 ஜூலையில் குடியேறினால், 2026-க்கான கணக்கில் பெற்றோர் உங்களைக் காட்டக் கூடாது. ஆண்டின் முதல் பாதி அவர்கள் வீட்டில் இருந்திருந்தாலும் வேண்டாம். ஜனவரியிலேயே அப்பாவிடமும், அவருடைய வரி கணக்காளரிடமும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டால் 1040-எக்ஸ் படிவத்தால் திருத்தலாம். ஆனால் செயலாக்க மாதக்கணக்கில் ஆகும்.

நீங்கள் தனியாகத் தாக்கல் செய்யுங்கள். வருமானம் குறைவு, தேவையில்லை என்றாலும் செய்யுங்கள். பழைய மாநிலத்திலும் புதிய மாநிலத்திலும் ‘பகுதி ஆண்டு குடியிருப்பவர்’ என்று காட்டி, குடியேறிய தேதியை லீஸில் உள்ள தேதியோடு ஒத்துப்போகும்படி எழுதுங்கள். கொலம்பஸில் வேலை பார்த்தால் நகர வருமான வரி 2.5 சதவீதம் தனி. முதல் சம்பளச் சீட்டிலேயே அது பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

8. கோடை விடுமுறை

முதல் ஆண்டு முடிந்த கோடையில் பெற்றோர் வீட்டில் இரண்டு மாதம், அல்லது வேறு மாநிலத்தில் ஆய்வுப் பயிற்சி. இரண்டுமே ஆபத்து. நீங்கள் மாநிலத்தில் ‘வசிக்கிறீர்களா, வகுப்புக்கு வந்து போகிறீர்களா’ என்று பார்க்க அலுவலகத்துக்கு இருக்கும் ஒரே சாளரம் அந்தக் கோடை. அதே ஊரில் ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். ஆய்வகம், விலங்குக் காப்பகம், பண்ணை எதுவானாலும் சரி. சம்பளச் சீட்டு வாரம் தவறாமல் வந்தால் அதுவே நீங்கள் அங்கே இருந்ததற்குச் சான்று. ஊருக்குப் போவதைச் சில நாட்களோடு நிறுத்துங்கள். வெளிமாநிலப் பயிற்சிகளை இரண்டாம் கோடைக்குத் தள்ளிப் போடலாம்.

9. கோப்பைக் கட்டுவது

விண்ணப்பம் பருவம் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கடைசித் தேதியைப் பதிவாளர் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையின் இறுதியில் கூட்டம் அதிகம், பரிசீலிக்க வாரக்கணக்கில் ஆகும். ஜூன் மாதமே தாள்கள் தயாராக இருக்கட்டும்.

வேண்டியவை: 12 மாதத்தையும் இடைவெளியின்றி மூடும் லீஸ்கள், லைசென்ஸ், வண்டிப் பதிவு, குடிமகனானால் வாக்காளர் பதிவு, எல்லா வங்கிக் கணக்குகளின் 12 மாத ஸ்டேட்மென்ட், கடன் ஒப்புதல் கடிதம், டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), சம்பளச் சீட்டுகள், மத்திய, மாநில வரித் தாக்கல்கள். ‘எல்லாக் கணக்குகளும்’ என்றால் எல்லாமும்தான். ஒரு கணக்கிலிருந்து வந்த பணம் இன்னொன்றில் தெரியும்போது அந்த இன்னொன்றையும் கேட்பார்கள்.

பிறகு வரவு செலவுக் கணக்கு. கட்டணம், வாடகை, மின்சாரம், உணவு, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், புத்தகம் என்று 12 மாதச் செலவைக் கூட்டுங்கள். கடன், சம்பளம், சேமிப்பு என்று வரவைக் கூட்டுங்கள். செலவு 98,000, வரவு 91,000 என்று வந்தால், மீதி 7,000 யார் கொடுத்தது என்பதே அவர்களின் முதல் கேள்வி. செலவைக் குறைத்துக் காட்டிச் சரிக்கட்டாதீர்கள். மாதம் 60 டாலரில் சாப்பிட்டேன் என்றால் அதுவும் கேள்வியாகும். பொய்த் தாள் கொடுத்தால் முந்தைய பருவங்களுக்கும் சேர்த்து வெளிமாநிலக் கட்டணத்தைத் திரும்பக் கேட்பார்கள், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். இதற்காக மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு எக்ஸெல் தாளில் பதிந்து வந்தால் போதும்.

நோக்கத்தை எழுதச் சொல்லும் இடத்தில் நீட்டி முழக்க வேண்டாம். நார்த் கரோலினா போன்ற மாநிலங்கள் நீங்கள் செய்த செயல்களையும் அவற்றின் தேதிகளையும்தான் எடை போடுகின்றன.

10. வேறு இரண்டு வழிகள்

திருமணமானவர்களுக்கு ஓஹையோவில் குறுக்கு வழி ஒன்று சட்டப்படியே இருக்கிறது. கணவரோ மனைவியோ அந்த மாநிலத்தில் முழுநேர வேலையை ஏற்று, கட்டணச் சலுகைக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடியேறியிருந்தால் 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. முதல் பருவத்திலிருந்தே உள்மாநிலக் கட்டணம் கேட்கலாம். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, இருவர் பெயரிலும் லீஸ், திருமணச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். துணைவர் எச்-1பியில் இருந்து வேறு பெருநகரப் பகுதிக்குப் பணியிடம் மாறுகிறாரென்றால், மாறுவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அப்படியே. ரெசிடென்சிக்காக அவசரப்பட்டு விசாவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு மற்றொரு வழி: முன்கூட்டியே குடியேறுவது. கால்நடை மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான விஎம்கேஸின் கெடு செப்டம்பர் நடுவில் வரும். அதற்கு ஓராண்டுக்கு முன் விரும்பிய மாநிலத்துக்குப் போய் முழுநேர வேலை பார்த்தால், நான்கு ஆண்டுமே உள்மாநிலக் கட்டணம். அரசுப் பள்ளிகள் தம் மாநிலத்தவருக்கு இடங்களை ஒதுக்குவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். விலங்கு மருத்துவமனை வேலை அனுபவ மணிக்கணக்கையும் சேர்க்கும். டெக்ஸஸின் வேலை நிபந்தனையும் இப்படித்தான் நிறைவேறும். ஆனால் அங்குள்ள பள்ளிகளுக்கு டிஎம்டிசாஸ் என்ற தனி விண்ணப்பம். புதிய கடன் வரம்பு வந்தபின் என் கணக்கில் இதுவே முதல் வழி. ஓராண்டு தள்ளிப்போவது பலருக்கு மனம் ஒப்பாது, அதுவும் உண்மை.

11. மறுத்தால், கொடுத்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். தாள் குறைவு என்றால் அதை மட்டும் இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். கெடு நாட்கணக்கில்தான் இருக்கும். வெளிமாநிலப் பணம் வந்தது என்பது காரணமென்றால் மேல்முறையீட்டில் சக்தியை வீணாக்காமல், அந்தப் பணம் வந்த தேதியிலிருந்து 12 மாதம் எண்ணி, அது முடிந்ததும் வரும் பருவத்துக்கு மறுபடி விண்ணப்பியுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் முன்தேதியிட்டுக் கொடுப்பதில்லை என்பதால் கட்டிய பணம் திரும்ப வராது.

கிடைத்துவிட்டால் பருவக் கட்டண பில்லில் கூடுதல் தொகை நீங்கியிருக்கிறதா என்று பார்த்து, நிதி உதவி அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். செலவு மதிப்பீடு குறைவதால் ஏற்கெனவே ஒப்புதலான கடனை அவர்கள் குறைக்க வேண்டிவரும். அது நடக்காமல் முழுக் கடனும் கணக்கில் வந்து விழுந்தால், தேவைக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுங்கள். பணம் வழங்கிய 120 நாளுக்குள் திருப்பினால் அந்தப் பகுதிக்கு வட்டியும் கட்டணமும் விழாது.